மாடப்பிறையில் வைத்த போன்

கும்பகோணத்தில் எங்கள் வீடு அகலம் 18 அடி, நீளம் 110 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அப்புறம் கிணறு, கொல்லை என்று எல்லாம் ஒரே கோட்டில் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர்களோடு பொதுச்சுவர். வெளிச்சம் என்றால் முற்றத்தில் இறங்கினால்தான் உண்டு. தெருவாசலில் யாராவது கூப்பிட்டால் அடுப்படிக்குக் கேட்காது என்பதால் தாத்தா காலத்தில் ரேழியில் ஒரு வெண்கல மணி தொங்கியதாம். மணி இப்போது இல்லை. பிரச்சினை மட்டும் வேறு வேஷத்தில் இருக்கிறது. வைஃபை பெட்டி தெருப்பக்க அறையில். நெட் தேவைப்படுகிறவர்கள் இரண்டாம் கட்டில்.

இந்தக் கோடை விடுமுறையில் ஐந்து வாரம் அங்கே இருந்தேன். சென்னையில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ கணக்கு வாத்தியார் நான். விடுமுறையிலும் காலை பத்து மணிக்கு ஆறு பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு உண்டு. தெருப்பக்க அறையில் அப்பாவின் டிவி விடியற்காலைப் பக்திப் பாட்டில் ஆரம்பித்து இரவுச் செய்தி வரை ஓயாது. அதனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கட்டு அறைக்குப் போனேன். முதல் நாளே, தொகையிடல் கணக்கு ஒன்று பாதி போட்டிருக்கும்போது, “சார், நீங்க வாயைத் திறந்தபடி அப்படியே நின்னுட்டீங்க” என்றாள் ஒரு மாணவி. மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது.

உடனே செய்தது எல்லோரும் செய்வதுதான். நெட்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக, “200 பிளானுக்கு மாத்திக்குங்க சார்” என்றார். மாற்றினேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகம் பார்த்தால் நொடிக்கு 187 மெகாபிட். இரண்டாம் கட்டில் முன்பு 3, இப்போதும் 3. தெருக்குழாயில் தண்ணீர் கூடுதலாக வந்தால் கொல்லைத் தொட்டி தானாக நிரம்பிவிடுமா, நடுவில் யாராவது குடம் சுமக்க வேண்டாமா? கண்ணாடி இழை வழியாக வீட்டு வாசல் வரை வருகிற இணையம் வேறு, அதைப் பெட்டியிலிருந்து காற்றில் சுமக்கிற வைஃபை வேறு. இது எனக்குத் தெரியாததல்ல. பிரித்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெட்டிக்குப் பக்கத்தில் வேகம் சரியாக இருந்து, தூரத்தில் செத்துப்போனால் கோளாறு வீட்டுக்குள். பக்கத்திலேயே வேகம் இல்லையென்றால்தான் நெட்காரரைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்கப் பொறுமையில்லாமல் மாசாமாசம் தண்டம் அழ ஒப்புக்கொண்டேன்.

அடுத்த தண்டம் ரிப்பீட்டர். கடைத்தெருவில் 1,600 ரூபாய்க்கு வாங்கிவந்து, சிக்னல் இல்லாத இடத்தில்தானே அது வேண்டும் என்று நேராக இரண்டாம் கட்டுச் சுவரில் செருகினேன். லேப்டாப்பில் கோடு முழுசாக எழும்பி நின்றது. வகுப்பை ஆரம்பித்தேன், மறுபடியும் சிலையானேன். ரிப்பீட்டர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறது. காதில் விழுவதே அரைகுறை என்றால் அந்த அரைகுறையை உரக்கச் சொல்லும், அவ்வளவுதான். நான் பார்த்த முழுக்கோடு எனக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே இருந்த நான்கு அடியைப் பற்றியது. பெட்டிக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை அந்தக் கோடு சொல்லவே சொல்லாது. சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கிற நடு இடத்தில், அதாவது கூடத்தில் அதைச் செருகியிருக்க வேண்டும். அப்படிச் செருகினாலும் இந்த மாதிரி விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும். கூடத்துக்கு மாற்றியதும் 3 என்பது 14 ஆனது. வகுப்புக்கு அது போதும். ஆனால் கூடத்தில் இருக்கிற ஒரே பிளக் அம்மாவின் கிரைண்டருக்கு உரியது. இட்லிக்கு அரைக்கிற நாளில் வகுப்பு கிடையாது என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

சேனல் மாற்றினால் சரியாகும் என்று எங்கோ படித்து அதையும் செய்தேன். வைஃபை ஓடுகிற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை புறம்போக்கு நிலம் மாதிரி, சேனல்கள் அதில் எண் போட்ட இடங்கள். 2005இல் உரிமம் வேண்டாம் என்று அரசு திறந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் கொட்டகை போடலாம். எங்கள் தெருவில் அத்தனை வீடும் ஒட்டிக்கொண்டிருப்பதால் என் போனில் 14 வீட்டு வைஃபை தெரிந்தது. பாதிப் பேர் 6ஆம் சேனலில். நான் புத்திசாலித்தனமாக யாருமே இல்லாத 3ஐத் தேர்ந்தெடுத்தேன். முன்னைவிட மோசமாகிவிட்டது. சேனல்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒவ்வொருவரும் விரிக்கிற பாயோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். 3இல் படுத்தால் 1இல் இருப்பவர் மேலும் கால் படும், 6இல் இருப்பவர் மேலும் கை படும். ஒரே சேனலில் இருக்கிற பெட்டிகளாவது ஒன்று பேசும்போது மற்றது பொறுத்திருக்கும். அரைகுறையாக மேலே விழுகிறவர்களுக்கு அடுத்தவர் பேச்சு வெறும் இரைச்சல். 1, 6, 11 மூன்றில் ஒன்றில் இருப்பதுதான் ஊரோடு ஒத்துப்போவது. 11க்கு மாற்றினேன். கொஞ்சம் தேவலை. கொஞ்சம்தான்.

மடக்கை

கோடுகளை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தபின் எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆன்ட்ராய்டு போனில் இதற்கு இலவசச் செயலிகள் இருக்கின்றன. சிக்னலை டிபிஎம் என்ற அளவில் காட்டும், எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 30 என்றால் பெட்டியின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். மைனஸ் 67 வரை முகம் பார்த்துப் பேசலாம். 70ஐத் தாண்டினால் திணறும். 80ஐத் தாண்டினால் சுத்திக்கொண்டே இருக்கும். 19 வருஷமாக மடக்கை, அதாவது லாகரிதம் நடத்துகிறேன். “இது எதுக்கு சார் உதவும்?” என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நிலநடுக்கத்தையும் அமிலத்தையும் சொல்லிச் சமாளித்துவந்தவன் நான். இந்த எண்ணும் மடக்கைதான். ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால், 10 இறங்கும்போதெல்லாம் சக்தி பத்தில் ஒரு பங்காகும். 3 இறங்கினால் பாதியாகும். மைனஸ் 70 என்றால் ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. இரண்டாம் கட்டில் அம்மாவின் கட்டிலில் எனக்குக் கிடைத்தது மைனஸ் 84. இருபத்தைந்து கோடியில் ஒரு பங்கு. இதை வைத்துக்கொண்டும் போன் ஏதோ முயற்சி பண்ணுகிறதே என்று எரிச்சல் போய் மரியாதை வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் முழுக்க, நோட்டில் வீட்டுப் படம் போட்டு, பத்தடிக்கு ஒரு இடமாக நின்று எண்ணைக் குறித்தேன். தாத்தா கட்டியது ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர். ஒவ்வொரு சுவருக்கும் 9, 10 என்று இறங்கியது. கூடத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே மட்டும் 14. அங்கே சுவரோடு ஸ்டீல் பீரோ, அதன் மேலே பரண், பரண் நிறையப் பாட்டியின் சீர்ப் பாத்திரங்கள். அண்டா, தவலை, ஆளுயரக் குத்துவிளக்கு இரண்டு. கும்பகோணத்து வீட்டில் பித்தளைக்கா பஞ்சம். பெட்டி வெளியிடுகிற இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸ் முற்றத்தைத் தாண்டவே இல்லை. அது வேகமானது, ஆனால் சுவரில் இன்னும் அதிகமாக அடிபடும். (வைஃபை பெயருக்குப் பின்னால் இருக்கிற அந்த ‘5ஜி’க்கும் செல்போன் டவரின் 5ஜிக்கும் சம்பந்தமில்லை என்று அப்பாவுக்கு விளக்கிப் பல வாரம் ஆகிறது. அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.)

பெட்டி இருந்த இடமோ அப்பாவின் ஷோகேஸ். அதன் முதுகில் முகம் பார்க்கிற கண்ணாடி பதித்திருக்கிறது, உள்ளே இருக்கிற பொம்மைகள் இரட்டையாகத் தெரிவதற்காக. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். முகத்தைத் திருப்பிக் காட்டுகிற அதே பூச்சு வைஃபையையும் தெருப்பக்கமே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு நெட்டை மிக நன்றாக அனுபவிக்கக்கூடிய நிலையில் இருந்தது எதிர்வீட்டுத் திண்ணைதான். பெட்டியை எடுத்து ஷோகேஸ் தலையில் வைத்ததும் கூடத்தில் மைனஸ் 72 என்பது 63 ஆனது. காசில்லாமல் எட்டு மடங்கு. மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டி பழையபடி தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில். “வெளிய கெடந்தா அசிங்கமா இருக்குடா” என்றார் அப்பா.

ஆறரை மணி

தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். எங்களுக்கு மாலை ஆறரை என்றால் அவளுக்கு ஒன்பது. பையன் தூங்கப் போகுமுன் பாட்டியைப் பார்க்க வேண்டும். அன்றைக்கும் அம்மா வழக்கம்போல ரேழிக்குப் போனாள். முக்காலியை இழுத்துப் போட்டு, ரேழி முடிந்து கூடம் தொடங்குகிற இடத்தில் சுவரில் இருக்கிற மாடப்பிறையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அகல் விளக்கு வைப்பதற்காகக் கட்டிய மாடம் அது. மூன்று வருஷமாக ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பார்க்கிறேன். அங்கே கொஞ்சம் காற்று வரும், அதற்காகப் போகிறாள் என்றே நினைத்திருந்தேன். “அம்மா ஏன் எப்பப் பார்த்தாலும் இருட்டுல உக்காந்துக்குது? குழந்தைக்கு மூஞ்சியே தெரியல” என்று தங்கை என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். நானும் அம்மாவிடம், வெளிச்சமாக முற்றத்தில் உட்காரேன் என்று அதட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு என் கையில் நோட்டு இருந்தது. அம்மா உட்கார்ந்திருந்த மூலையில் மத்தியானம்தான் எண் எழுதியிருந்தேன்: மைனஸ் 58. தெருப்பக்க அறையை விட்டால் வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். ரேழிக்கும் அந்த அறைக்கும் நடுவே இருக்கிற கதவு எப்போதும் திறந்தே கிடப்பதால், சுவரில் முட்டாமல் சிக்னல் வந்து சேர்கிற ஒரே மூலை. நோட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பேசி முடிக்கும் வரை கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றேன்.

“ஏம்மா இங்க வந்து உக்கார்றே?”

“இங்கதான் அவன் நிக்காம வரான்.”

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“எல்லா எடமும் வெச்சுப் பாத்தாச்சு. இதுலயும் நடுவுல வெக்கக் கூடாது, வலது ஓரமா வெக்கணும். ரெண்டு விரக்கடை இந்தப் பக்கம் நகந்துட்டா புள்ளை நின்னு போயிடுவான்.”

அப்புறம் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அடுப்படி ஜன்னல்கிட்டே விடியற்காலையில் செத்த நேரம் வரும், அக்கம்பக்கம் எழுந்துவிட்டால் வராது. கட்டிலில் முன்னெல்லாம் குரல் மட்டுமாவது கேட்டது, பொங்கலுக்குப் பாத்திரம் தேய்த்துப் பரணில் மாற்றி அடுக்கியதிலிருந்து அதுவும் இல்லை. கிணற்றடிக்குப் போனால் பின்தெரு வீட்டு வைஃபை பெயர்தான் தெரிகிறது, நம்முடையது தெரிவதில்லை. நான் ஒரு மத்தியானம் முழுக்க வேர்த்து விறுவிறுத்துப் போட்ட படம் அம்மாவின் தலைக்குள் எப்போதோ இருந்திருக்கிறது. என் படத்தில் இல்லாத காலை, மாலை வித்தியாசம்கூட அதில் இருந்தது.

இரண்டு விரற்கடை விஷயத்தை மட்டும் நான் நம்பவில்லை. அம்மா அந்தப் பக்கம் போனதும் போனை வைத்துப் பார்த்தேன். மாடத்தின் வலது ஓரத்தில் மைனஸ் 57. இரண்டு விரற்கடை இடது பக்கம் நகர்த்தினால் 69. பதினாறில் ஒரு பங்கு. திரும்ப நகர்த்தினால் திரும்ப 57. மாயமில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நேராக வருகிற அலையும், சுவரிலும் பித்தளையிலும் பட்டுத் திரும்புகிற அலையும் ஓர் இடத்தில் சந்திக்கும்போது மேடும் மேடும் சேர்ந்தால் வலுக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வலுத்த இடத்துக்கும் தேய்ந்த இடத்துக்கும் நடுவே அலைநீளத்தில் கால்வாசிதான் தூரம், சுமார் 3 சென்டிமீட்டர். அம்மாவின் இரண்டு விரல். கோயில் பிராகாரத்தில் பேசினால் வார்த்தை மேல் வார்த்தை விழுந்து குழம்புமே, அதே சங்கதி. வீட்டுக்குள் எழும் இந்த எதிரொலியைச் சமாளிக்கிற வழிக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஓ’சல்லிவன் வானொலி வானியல்காரர். வெடிக்கிற குட்டிக் கருந்துளைகளின் சமிக்ஞையைத் தேடிக் கிடைக்காமல் போனவர். அந்தத் தேடலில் பழகிய கணக்கு இங்கே உதவியது. அதைப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன்; ஆனால் மாடப்பிறைக்கு முன்னால் நின்றபோது பட்ட அளவுக்கு இல்லை.

“இத்தனை நாளா ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன். “போன் பழசு, அதான்னு அப்பா சொன்னாரு. சரி, இதுக்கு இவ்ளோதான்போலன்னு விட்டுட்டேன்.” அவ்வளவுதான் பதில். முழங்கால் வலியோடு தினம் முக்கால் மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கொசுக்கடி வேறு. நான் நெட்காரரைக் கேட்டேன், கடைக்காரரைக் கேட்டேன், இணையத்தில் கண்டவர்களையும் கேட்டேன். அந்த வீட்டில் அந்த நெட்டைத் தினமும் உபயோகிக்கிற ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவை இரண்டே இரண்டு. இழை வந்து நுழைந்த ஜன்னல் ஒன்று, அப்பாவின் டிவி இன்னொன்று. டிவியோ ஒன்றரை அடி வயரில் பெட்டியோடு நேராகப் பிணைத்திருக்கிறது, அதற்கு வைஃபையே தேவையில்லை.

ஆன்டெனா ஓட்டை

இனி செய்ய வேண்டியது குழப்பமில்லாமல் தெரிந்தது. காற்றில் சுமப்பதை விட்டுவிட்டு, முன்பக்கப் பெட்டியிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு பெட்டி வைத்துவிட வேண்டும். கேபிள் 100 மீட்டர் வரை சளைக்காமல் போகும், எங்களுக்கு வேண்டியது 27 மீட்டர். சென்னையில் பழைய வைஃபை பெட்டி (ரவுட்டர்) ஒன்று பரணில் சும்மா கிடந்தது. மனைவியிடம் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். ஆனால் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “தாத்தா கட்டின சுவத்துல டிரில் வெக்கறதா?” இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவரே ஒரு வழி காட்டினார், அதுவும் என்னைத் திட்டிக்கொண்டே. “ஓட்டை வேணும்னா, இருக்கற ஓட்டையப் பாக்க வேண்டியதுதானே?” டிவி பக்கம் கூரைக்கு ஒரு ஜாண் கீழே காகிதத்தால் அடைத்த துளை ஒன்று இருந்தது. 80களின் கடைசியில் மாடி ஆன்டெனாவிலிருந்து தட்டை ஒயர் இறங்கிவந்த வழி. அப்போது இலங்கைப் பக்கம் திருப்பிவைத்தால் ரூபவாகினி வரும். மாடியில் அப்பா திருப்ப, முற்றத்தில் நான் நின்று ‘வந்துருச்சு, போயிருச்சு’ என்று கத்த, அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அவளை யாரும் திருப்பவும் விட்டதில்லை, கத்தவும் விட்டதில்லை. அந்தத் துளைக்குள் கேபிளை நுழைத்து, கூடத்து விட்டத்தோடு ஓட்டி, முற்றத்துத் தாழ்வாரத்தின் கீழே கொண்டுபோய், இரண்டாம் கட்டு வென்டிலேட்டர் வழியாக இறக்கினேன். எலக்ட்ரீஷியன் பையன் அரை நாளில் முடித்துவிட்டான். நான்தான் அரை நாளை வீணாக்கினேன். பழைய ரவுட்டரை, வைஃபையை மட்டும் பரப்புகிற அக்சஸ் பாயின்ட்டாக மாற்றாமல் அப்படியே செருகியதில், போன்களுக்கு விலாசம் கொடுக்கிற வேலையை இரண்டு பெட்டியும் ஒரே சமயத்தில் செய்ய ஆரம்பித்து, அப்பாவின் டிவி நின்றுபோனது. அன்றைக்கு நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது அம்மாவின் கட்டிலில் மைனஸ் 49. மூவாயிரம் மடங்குக்கு மேல். வேகம் 94தான், ஏனென்றால் பழைய ரவுட்டரின் துளை 100க்கு மேல் வாங்காது. அதுவே ஏகப்பட்டது. பிளானையும் 100க்கே இறக்கிவிட்டேன். தங்கை முதல் நாள் பேசிவிட்டு, “அம்மா தலை இவ்ளோ நரைச்சுப் போச்சாண்ணா?” என்று எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். மூன்று வருஷம் கழித்து அம்மாவை வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள்.

நான் சென்னைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. நேற்று அம்மா கூப்பிட்டாள். முன்பக்கம் போய்விட்டு அடுப்படிக்குத் திரும்பினால் போன் அந்தப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். பக்கத்தில் இருக்கிற புதுப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். “வைஃபைய அணைச்சு ஒரு தடவ போட்டா சரியாயிடுது” என்றாள். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டுதான் வைத்திருக்கிறேன். ஆனால் எந்தப் பெட்டியோடு ஒட்டுவது, எப்போது விடுவது என்பதைத் தீர்மானிப்பது போன்தான். பழைய போன்கள் பிடித்ததை லேசில் விடாது. முன்பக்கப் பெட்டி வெளியிடுகிற சக்தியைக் கொஞ்சம் குறைத்தால், முற்றம் தாண்டும்போதே அதன் பிடி தளர்ந்து போன் தானாக மாறிக்கொள்ளலாம். அமைப்புக்குள் போய் ‘மீடியம்’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய சிக்னலைக் குறைக்கப்போகிறேன் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அம்மாவையே கேட்டேன்.

“அவரு மத்தியானம் தூங்குவாருல்ல, அப்பப் பண்ணிடு” என்றாள்.